தராசும் சுழலியும்

மூன்று மின்சாரச் சந்தைகளிலும் கேட்கப்படும் விலைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, மறுநாளைய மின்சாரத்திற்கு ஒரே விலையை 2026 ஜனவரிக்குள் நிர்ணயிக்கத் தொடங்க வேண்டுமென்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜூலை 23-ஆம் தேதி உத்தரவு பிறப்பித்ததும், மறுநாளே ஒரு சந்தை நிறுவனத்தின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம் சரிந்ததைப் பற்றித்தான் தேசமெங்கும் விவாதம். கம்பியில் ஓடுவதைப் பற்றி வாய் திறந்தவர் எவருமில்லை. தேசத்தின் மின்பளுவைப் பகிர்ந்தளிக்கும் கிரிட் இந்தியாவுக்கு அந்த உத்தரவு அளித்த ஸ்தானமோ, அந்த மூன்று சந்தைகளுக்குப் பின் நான்காவதாகக் காவலிருந்து கணக்குச் சரிபார்க்கும் ஸ்தானம்!

வியாபாரம் ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிஷங்களாக 96 துண்டுகள் போட்டு விற்கிறது. கம்பியோ க்ஷணந்தோறும் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. உற்பத்தியை உபயோகம் மிஞ்சினால் தேசத்துச் சுழலிகள் யாவும் ஒருசேரத் தளர்ந்து, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கிவிடும். பொய் சொல்லத் தெரியாத இந்த எண்ணோடு விலையை முடிச்சுப்போட்டு, அது தாழத் தாழ, ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் இழுக்கும் மாநிலம் அதிக விலை தரவேண்டுமென்று விதித்த ஏற்பாடு, பானு பூஷண் என்னும் நம்மவரின் புத்தியில் உருவானது. 2002 ஜூலையில் மேற்கு மண்டலத்திலும், 2003 ஜனவரி முதல் தேதியன்று தென் மண்டலத்திலும் அமலுக்கு வந்தது. அதற்குமுன் 48.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே அடிக்கடி தவித்துக்கொண்டிருந்த நம் தென் மண்டலம் விரைவிலேயே நிமிர்ந்து நின்றது. மேல்நாட்டுச் சந்தை சாஸ்திரங்களை மனப்பாடம் செய்தவர்கள் இந்த ஒரு காரியத்தைப் பாராட்டி ஒரு வாக்கியம் எழுதி நான் கண்டதில்லை.

அந்த முடிச்சைத்தான், சந்தை விலையே போதுமென்று, 2022 டிசம்பர் 5-ஆம் தேதி அமலான விதிகளில் அறுத்தெறிந்தார்கள். அதிர்வெண் தடுமாறத் தொடங்கியது; 2023 பிப்ரவரிக்குள் ஆணையமே தன் விதிகளை உத்தரவு போட்டுத் திருத்த நேர்ந்தது.

2012 ஜூலை 31 அன்று 60 கோடிக்கு மேற்பட்ட மக்களின் பிரதேசம் இருண்டதே, அப்போது உங்கள் முடிச்சு எங்கே போயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். அபராதத்தையே மலிவான கொள்முதலாகக் கருதி இழுத்த மாநிலங்களின் பேராசைக்கு முடிச்சைக் குற்றஞ்சாட்டுவது, திருடியவனை விட்டுவிட்டுப் பூட்டைச் சிறையிலிடுவதற்கு ஒப்பாகும். அவர்களுக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

மூன்று சந்தைகளின் விலைகளையும் ஒன்றாக்கும் இந்தப் புதிய இணைப்பும், சந்தை விலையே போதுமென்ற அதே பிரமையின் மறுபிறவி. கிரிட் இந்தியாவின் பொறியாளர்களை முதல் ஆசனத்தில் அமர்த்தும்வரை ஆணையம் இந்த உத்தரவை நிறுத்திவைக்க வேண்டும்.