அத்தை வீட்டு பிஸ்கட் டின்



போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஐயா நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் துருப்பிடித்த பிஸ்கட் டின். உள்ளே ஒரு ஓட்டோகிராப் புத்தகம். இரத்மலானை விமான நிலையத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா வைத்திருந்தது. வெளிறிய இளஞ்சிவப்புத் தாளில் நீல மையால் சாய்வாக ஒரு கையொப்பம். எழுத்துக் கூட்டிப் பார்த்தும் பெயர் பிடிபடவில்லை. ஆனால் அதன் கீழே அப்பா பென்சிலால் குறித்திருந்தார்: ‘சீதாதேவி விமானி, மார்கழி 1947.’

அந்தப் பென்சில் வரிதான் தாளுக்கு உயிர் கொடுத்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதற் சேவையாக, ‘சீதாதேவி’ என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்தப் பாதையை நினைத்தாலே எனக்கு மனம் நிறைகிறது.

முன்னோடி விமானிகளின் கையொப்பங்களை உலகெங்கும் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். அவர்களில் பலர் நீண்ட காலம் வாழவில்லை; அதனால் எஞ்சிய தாள்களும் கொஞ்சமே. 1912 இறுதியில் கொழும்பில் பறந்து காட்டிய பிரெஞ்சுக்காரர் மார்க் பூர்ப், 1914 டிசெம்பரில் போர்ப் பணியில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. கையொப்பங்களைப் போலவே தேட வேண்டிய வேறு தாள்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கொக்கல வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனத்தின் கற்றலீனா கடல் விமானங்கள் வானொலி மௌனம் காத்து, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டு, முப்பது மணி நேரமளவு பறந்தன. பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். அதற்கென்றே ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அப்படியொன்று இலங்கையில் யாருடைய பெட்டியிலாவது கிடக்காதா என்று ஏங்குகிறேன்.

ஐயாவின் புத்தகம் எஞ்சியதும் தற்செயலே. அவருடைய குடும்பம் வெள்ளவத்தையில் இருந்தது. 1983 யூலை இனக் கலவரத்தில் வீட்டோடு கடிதங்களும் படங்களும் எரிந்துபோயின. இந்த டின் மட்டும் கொட்டாஞ்சேனையில் அத்தை வீட்டில் இருந்ததால் தப்பியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளிறிவிடும். கடற்காற்றின் ஈரம் தாளில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். யாருடையது, எப்போது, எப்படி வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

புறப்படும்போது ஐயா அந்தப் பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, புத்தகத்தை மெதுவாக மூடினார். அதற்கு முன் ஒரு படம் எடுக்கச் சம்மதித்தார். அடுத்த பக்கத்தில் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்