மீதி 45 நிமிடம் எங்கே போனது?

மாணவர்களே, ஒரு சிறு கணக்கு. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே நேர்த்தூரம் ஏறக்குறைய 297 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர். பயண நேரம் என்ன?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் 21 நிமிடம். தேர்வில் முழுப் புள்ளிகள் கிடைக்கும். ஆனால், விமான அட்டவணையைப் பாருங்கள். சுமார் 1 மணி 5 நிமிடம் என்றிருக்கும்.

சூத்திரம் பொய் சொல்லவில்லை. அதற்கு நாம் கொடுத்த வேகம்தான் அரைகுறை உண்மை. அட்டவணை நேரம் என்பது விமானம் ஒரு வாயிலை விட்டு நகர்வதில் தொடங்கி, மறு வாயிலில் நிற்பது வரையிலான நேரம். அதில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அடங்கும். காற்றை எதிர்நோக்கி மேலெழும்ப வேண்டும் என்பதால், சில நேரம் போகவேண்டிய ஊருக்கு எதிர்த்திசையில்கூடப் புறப்பட நேரிடும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 463 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. இவ்வளவு குறுகிய வழியில், விமானம் உயரத்தை எட்டிய சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். 850 என்ற எண் உண்மையாக இருப்பது அந்தச் சில நிமிடங்களுக்குத்தான்.

இப்போது கோத்தா கினபாலுவுக்குப் போவோம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 1,630 கிலோமீட்டர். 2 மணி 35 நிமிடம். தூரம் ஐந்து மடங்குக்கு மேல் கூடியது, நேரமோ இரண்டரை மடங்குகூட ஆகவில்லை! கூடுதல் 1,333 கிலோமீட்டருக்குக் கூடுதல் 90 நிமிடம். அதாவது மணிக்கு ஏறக்குறைய 890 கிலோமீட்டர். இந்த வேகத்தில் 297 கிலோமீட்டருக்கு 20 நிமிடம் போதும். 65-இல் 20 போனால் 45. தூரம் எதுவானாலும் ஊர்வதற்கும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கட்டவேண்டிய 'நுழைவுக் கட்டணம்' இது.

வரைபடத்தாளில் தூரத்தைக் கிடையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் குறித்துக் கோடு போடுங்கள். அது நேர அச்சை 45-இல் வெட்டும். இரண்டு புள்ளிகள் இருந்தால் யாரும் கோடு போடலாம். சோதனை மூன்றாவது புள்ளியில்தான். பினாங்கு சுமார் 324 கிலோமீட்டர். கோடு 67 நிமிடம் என்கிறது. அட்டவணையில் சில நிமிடம் முன்பின் இருக்கலாம், தாமதத்துக்கு இடம்விட்டே நிறுவனங்கள் நேரம் குறிப்பதுண்டு. பாடநூலில் இப்படியொரு பயிற்சி வந்தால், 'சீரான வேகம்' என்று தொடங்கும் பத்துக் கணக்குகளை நீக்கிவிடலாம் என்பேன்.

இது வகுப்பறையோடு நிற்கும் விஷயமல்ல. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயில் திட்டம் நினைவிருக்கும். 2016 டிசம்பரில் ஒப்பந்தமாகி, 2021 ஜனவரி 1-இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சுமார் 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடப்பதாகத் திட்டம். சராசரி மணிக்கு 233 கிலோமீட்டர். 850-இல் பறக்கும் விமானத்துக்கு முன்னால் அது ஆமை போலத் தோன்றும். ஆனால், 297 கிலோமீட்டரை 65 நிமிடத்தில் கடக்கும் விமானத்தின் சராசரி வெறும் 274தான். அதோடு, கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு விரைவு இரயிலில் 28 நிமிடம். அனைத்துலகப் பயணம் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகச் சொல்வார்கள். இரயிலுக்கும் குடிநுழைவுச் சோதனை உண்டுதான், ஆனாலும் இவ்வளவு காத்திருப்பு வேண்டியிருக்காது. அத்திட்டம் மீண்டும் பேச்சுக்கு வரும்போது, பெரியவர்கள் யாராவது "விமானத்தில் ஒரு மணி நேரம்தானே!" என்றால், எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரை என்று கேளுங்கள்.