தலைச்சாயம்: பூசுவதற்கு முன் இரண்டு நாட்கள்

சித்திரைப் புத்தாண்டு, ஊர்க்கோவில் கொடியேற்றம், உறவுக்குள் ஒரு கலியாணம் என்று வந்துவிட்டால் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் தலைச்சாயப் பைக்கற்றுகள் விலைப்படத் தொடங்கிவிடும். நாற்பதைத் தாண்டிய சகோதரிகள் நரையை மறைக்க வாங்குகிறார்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் கறுப்பை வெளிறச் செய்து பொன்னிறம் ஏற்ற விரும்புகிறார்கள். சலூனில் கேட்கும் பணம் கைக்கு எட்டாததால் இரண்டும் வீட்டுக் கிணற்றடியிலேயே நடக்கின்றன. இது தேவைதானா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பூசுகிறவர்கள் பூசத்தான் போகிறார்கள். ஆகவே, எப்படிப் பூசினால் ஆபத்துக் குறையும் என்று பார்ப்பதே பயனுள்ளது.

மயிரிழையின் வெளிப்புறம் ஓட்டுக்கூரை போன்றது. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். நிறத்தைத் தருகின்ற மெலனின் அதன் உள்ளே இருக்கின்றது. நிரந்தரச் சாயத்திலுள்ள அமோனியா போன்ற காரப்பொருள் அந்த ஓடுகளைக் கிளப்பிவிடுகிறது. பின்னர் ஐதரசன் பெரொக்சைட்டின் உதவியோடு சாயம் உள்ளே உருவாகித் தங்கிவிடுகிறது. 'அமோனியா இல்லை' என்று அட்டையில் போட்டிருந்தால் நம்மவர்கள் நிம்மதியாக வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பதிலாக வேறொரு காரப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். மணம் குறைவு, அவ்வளவுதான்.

உண்மையில் நாம் தேடிப் பார்க்கவேண்டிய பெயர் வேறு. கறுப்புச் சாயங்களிற் பெரும்பாலானவற்றில் பரா பினைலீன் டயமீன் என்ற இரசாயனம் உண்டு. சுருக்கமாக பீ.பீ.டீ. என்பார்கள். ஐரோப்பிய நாடுகளில், கலந்த பின்னர் தலையிற் படும் சாயத்தில் இது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். சிலருடைய உடல் இதனை ஏற்காது. பத்து வருடம் பூசியும் ஒன்றும் ஆகாத ஒருவருக்குப் பதினோராவது வருடத்தில் ஒவ்வாமை தோன்றலாம். தோன்றிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நிற்கும்.

நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு சகோதரிக்கு இது நடந்தது. வயது நாற்பத்தாறு. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தையல் நிலையமொன்றில் வேலை. நரைத்த தலையோடு போனால் இளையவர்களைத்தான் எடுப்பார்கள் என்ற பயத்தில் மாதாமாதம் சாயம் பூசிவந்தார். காதுக்குப் பின்னால் அரிப்பு வந்தது. பொடுகு என்று விட்டுவிட்டார். ஒருநாள் பூசிய மறுநாட்காலை இமைகள் இரண்டும் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. அயலவர்களிடம் குளவி குத்தியது என்றார். வைத்தியரிடமும் அதையே சொன்னார். குளவிக்கடிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதமும் பூசினார். இம்முறை முகத்தோடு தொண்டையும் அடைத்து, இரவோடிரவாக முச்சக்கரவண்டியில் கொண்டு போகவேண்டியதாயிற்று.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டேன். "புருசன் இல்லாதவளுக்கு உதெல்லாம் என்னத்துக்கு எண்டு கேப்பினம் தங்கச்சி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூவையும் பொட்டையும் பறித்த சமூகம் நரையை மறைக்கும் உரிமையையும் கேள்வி கேட்கும் என்று அவர் அறிந்திருந்தார். அந்த வெட்கந்தான் முதல் நாளே கிடைத்திருக்கவேண்டிய ஆலோசனையைத் தடுத்தது. வைத்தியருக்கு நீங்கள் யார், ஏன் பூசினீர்கள் என்பது தேவையில்லை. என்ன பூசினீர்கள் என்பதே தேவை. வெற்று அட்டையை எறியாமல் வைத்திருந்து கையோடு கொண்டு போங்கள்.

ஆகவேதான் தலைப்பில் இரண்டு நாட்கள் என்றேன். பூசுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன்னர், அட்டையிற் சொன்ன முறைப்படி சிறு துளியை முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ தடவிக் கழுவாமல் விடவேண்டும். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் எதுவும் வந்தால் அந்தப் பைக்கற் குப்பைக்கு. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவெடுப்பது பயனில்லை. இவ்வகை ஒவ்வாமை தாமதமாக, ஒன்றிரண்டு நாட்களின் பின்னரே வெளிப்படும். ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யவேண்டும். முன்னர் ஒருமுறை சாயத்தாலோ கறுப்பு மருதோன்றியாலோ தோல் பொங்கியவர்கள் இச்சோதனையைக்கூடத் தாங்களாகச் செய்யாமல், அரசாங்க வைத்தியசாலையின் தோல்நோய்க் கிளினிக்கைக் கேட்பது நல்லது.

கறுப்பு மருதோன்றி பற்றியும் ஒரு வார்த்தை. மருதோன்றி இலை தருவது செம்மை கலந்த பழுப்பு நிறத்தை மட்டுமே. அரைத்த இலை கறுப்பைத் தராது. தந்தால் வேறேதோ கலந்திருக்கின்றது, பெரும்பாலும் மேலே சொன்ன பீ.பீ.டீ.தான். கலியாண வீட்டில் சிறுமியின் கையில் அழகுக்கு வைக்கும் கறுப்புக் கோலம், அவள் வளர்ந்து முதன்முதல் தலைக்குச் சாயம் பூசும் நாளில் முகவீக்கமாக வெளிப்படக்கூடும். இரசாயனம் வேண்டாம் என்பவர்கள் முதலில் மருதோன்றியும் அதன்மேல் அவுரி இலைத்தூளும் பூசலாம். பொறுமை வேண்டும், அரை நாள் போய்விடும்.

இனி இளம் பிள்ளைகளின் விடயம். கறுப்பு மயிரைப் பொன்னிறமாக்க, உள்ளேயுள்ள மெலனினைச் சிதைக்கவேண்டும். இதையே பிளீச் பண்ணுதல் என்கிறோம். பெரொக்சைட் போத்தலில் 10, 20, 30, 40 வொலியூம் என்று எழுதியிருக்கும். முறையே 3, 6, 9, 12 சதவீதம் என்று விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் 20ஐத் தாண்டவேண்டாம். 40 வொலியூம் வேகமாக வெளிறச் செய்யும், தலைத்தோலையும் அதே வேகத்தில் சுடும். நம்முடைய கறுப்பு ஒரே தடவையிற் பொன்னாகாது. முதலில் செம்பழுப்பு, பிறகு செம்மஞ்சள், அதன் பின்னரே மஞ்சள். செம்மஞ்சளில் நின்றுவிட்டதென்று அழுது, அன்றே மறுபடி பூசுவதிலேதான் மயிர் கொத்தாக முறிகின்றது. குறைந்தது இரண்டு கிழமையாவது விடுங்கள். ஈரமயிரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இறப்பர்போல இழுபட்டுத் திரும்பாவிட்டால் இனிப் பிளீச் என்ற பேச்சே வேண்டாம்.

பூசுவதற்கு முதல்நாள் தலைக்கு முழுகவேண்டாம். தோலில் ஊறும் இயற்கையான எண்ணெய் ஒரு காவல். நெற்றியோரத்திலும் காதிலும் வஸ்லின் தடவிக்கொள்ளுங்கள், கையுறை கட்டாயம். உலோகப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்ரிக் அல்லது பீங்கான் கோப்பை எடுங்கள். தலைத்தோலின் சூட்டில் வேர்ப்பகுதி விரைவாக வெளிறும் என்பதால் அதைக் கடைசியாகவே பூசவேண்டும். மீதிக் கலவையைப் போத்தலில் அடைத்து வைத்தால் வாயு நிறைந்து வெடிக்கும். பிளீச் தூள் இழுப்பைக் கிளப்பும் என்பதால் ஆஸ்துமாக்காரர் இதிலிருந்து விலகியிருப்பதே நல்லது. முன்னர் எந்தத் தூள் பூசினோம் என்று தெரியாதவர்கள், சீப்பில் விழுந்த மயிரிற் கொஞ்சத்தைக் கலவையில் போட்டுப் பார்க்கவேண்டும். சில மலிவுத் தூள்களில் உலோக உப்புகள் உண்டு. அவை பெரொக்சைட்டோடு சேர்ந்தால் சூடேறி மயிரைக் கருக்கிவிடும்.

செம்மஞ்சளைத் தணிக்கவே டோனர். இதன் தத்துவம் நம் அம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். மஞ்சளித்த வெள்ளைச்சேலைக்கு நீலம் போடுவார்கள் அல்லவா? அதேதான். செம்மஞ்சளை நீலமும், மஞ்சளை ஊதாவும் அடக்கும். (அதற்காகச் சலவை நீலத்தைத் தலையிற் கொட்டிவிடாதீர்கள்!) டோனர் மயிரை மேலும் வெளிறச் செய்யாது, உள்ள நிறத்தைத் திருத்துவது மட்டுமே அதன் வேலை. சில கிழமைகளில் கழுவுப்பட்டுப் போகும். பிறகு ஊதா நிற ஷம்பூவைக் கிழமைக்கு ஒருமுறை பாவித்தாற் போதும். தினமும் பாவித்தால் தலை சாம்பல் ஊதாவாகிவிடும்.

வெளிறிய மயிருக்குத் தண்ணீரும் ஒரு சோதனை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளில் ஊறுவது வன்னீர். கேத்தலின் அடியிற் படியும் வெள்ளை ஓடு, கிளம்பிய செதில்களுக்கிடையிலும் படிந்து மயிரைத் தும்பாக்கும். மாரியில் பிடித்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதையே எடுங்கள். இல்லாவிட்டால் கொதித்து ஆறித் தெளிந்த நீர். ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் செதில்கள் படியும். கண்ணிற் படாமல் ஊற்றுங்கள்.

எண்ணெய் பற்றி நம்மவர்கள் சொல்வது வெறும் பழங்கதையல்ல. 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. மயிரின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதன் கொழுப்பமிலம் இழைக்குள் ஊடுருவும், மற்றவை மேலே நின்றுவிடும். முழுகுவதற்கு முன்னரும் பின்னரும் பூசலாம், பிளீச் பண்ணிய தலைக்கு விசேடமாக.

புருவத்துக்கும் இமைமயிருக்கும் தலைச்சாயத்தைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் 1930களில் இமைச்சாயம் ஒன்றால் பெண்கள் பார்வையிழந்தார்கள்; அங்கே 1938இல் அழகுப்பொருட்களுக்கும் சேர்த்துச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பூசிய பின் எரிந்தால் நேரம் பார்க்காமல் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். முகம் வீங்கினால் அன்றே வைத்தியசாலைக்கு. மூச்சு முட்டினால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். குழந்தை தெரியாமல் விழுங்கினால் அரிப்பையோ வாந்தியையோ எதிர்பார்த்து நிற்கவேண்டாம். தொண்டை வீங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்கும், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விலையோ காலாவதித் திகதியோ அச்சிடாத பைக்கற்றைக் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்குச் சொல்லலாம்.

கழுவுகிற தண்ணீர் கிணற்றுப்பக்கம் ஓடாமல் வாழையடிக்கும் அப்பால் தள்ளி ஊற்றுங்கள். அந்தக் கிணற்றில்தான் இரவுச் சோற்றுக்கும் தண்ணீர் அள்ளுகிறோம்.