ஜெபமாலையும் மாத்திரையும்

மக்களே, முதல்லயே சொல்லிடுறேன். எல்கேஜில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க. சொல்ல வந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

அஞ்சாவது செமஸ்டர். ராத்திரி ஒரு மணி. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் ஜெபமாலை சொல்லிட்டு இருந்தேன். மறுநாள் காலையில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பரீட்சை. ஒரு ஜெபமாலையில் 53 தடவை 'அருள்நிறை மரியே' வரும். முப்பதாவது மணி பக்கத்துல மனசு எங்கயாவது போயிடும். உடனே, 'இது கணக்குல சேராது, முதல்ல இருந்து சொல்லு'ன்னு ஒரு எண்ணம். திரும்ப ஆரம்பிப்பேன். திரும்பவும் மனசு ஓடும். சரியா முடிக்காம படுத்தா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்னு பயம். இதுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லைன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் நிறுத்த முடியலை. அன்னைக்கு நாலு தடவை சொன்னேன். அந்தப் பேப்பர்ல அரியர் விழுந்தது.

என் ரூம்மேட் இதைப் பார்த்துட்டு, "பையன் ஃபாதர் ஆயிடுவான் போல"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். நானும் சிரிச்சேன். வெளியில பக்தி மாதிரி தெரியுற ஒண்ணை யாரும் நோய்னு சந்தேகப்பட மாட்டாங்க. நானும் சந்தேகப்படலை.

எங்க ஊர் உடையார்பாளையம். திருச்சி – சிதம்பரம் ரோட்டுல, ஜெயங்கொண்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். வீட்டுக்குப் போனப்ப அம்மாகிட்ட மெதுவா சொன்னேன். "தூக்கம் வரலைம்மா. மனசு ஒரு மாதிரி இருக்கு." அம்மா உடனே, "நீ ஒழுங்கா ஜெபம் பண்றதில்ல, அதான்"னாங்க. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியலை. அடுத்த சனிக்கிழமையே ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகிட்டு, அரியலூர்ல பஸ் மாறி என்னைக் கூட்டிட்டுப் போனாங்க.

ஏலாக்குறிச்சி கதை எங்க மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 1680-ல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது நாம ஸ்கூல்ல படிச்ச வீரமாமுனிவர், பல வருஷம் வாழ்ந்த இடம் அது. திருக்காவலூர்னு அவர் பேர் வச்சது இந்த ஊருக்குத்தான். தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை எல்லாம் எழுதின அதே மனுஷன். அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவைக் கட்டி வந்து, அரண்மனை வைத்தியர்களால முடியாதப்ப வீரமாமுனிவர் குணமாக்கினார், அதுக்கு நன்றியா கோயிலுக்கு நிலம் கிடைச்சதுன்னு வழிவழியா சொல்றாங்க.

சின்ன வயசுல இருந்து நான் கேட்ட கதைதான். ஆனா அன்னைக்குத்தான் ஒரு விஷயம் உறைச்சது. அந்தக் கதையில் முனிவர் ஜெபம் மட்டும் பண்ணலை. பச்சிலையையும் மண்ணையும் குழைச்சுக் கட்டி மேல பத்து போட்டார். அவருக்கு நம்ம நாட்டு வைத்தியம் தெரியும்னு சொல்லுவாங்க. மாதாவை அவ்வளவு நம்பின ஒருத்தர், மருந்தைத் தொட்டா நம்பிக்கை குறைஞ்சிடும்னு நினைக்கலை. அப்போ கட்டிக்கு மருந்து போடலாம், மனசுக்கு மட்டும் போடக் கூடாதா?

இதுதான் நான் உங்ககிட்ட கேக்க வந்த கேள்வி.

நம்ம வீடுகளை நினைச்சுப் பாருங்க. காய்ச்சல் வந்தா மெழுகுவத்தியும் ஏத்துவாங்க, பாராசிட்டமாலும் தருவாங்க. சுகர் இருக்கிற பாட்டி காலையில மாத்திரை போட்டுட்டுத்தான் பூசைக்குப் போவாங்க. 'உனக்கு விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?'ன்னு அவங்களை யாரும் கேக்குறதில்லை. ஆனா பயம், தூக்கமின்மை, காரணம் இல்லாத அழுகைன்னு வந்துட்டா மட்டும் 'ஜெபம் பத்தலை'ன்னு சொல்லிடுறோம். மூளையும் உடம்புல ஒரு உறுப்புதானே?

எனக்கு வழி காட்டினது ஒரு வயசான ஃபாதர். வாராவாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், போன வாரம் சொன்ன அதே பாவத்தை 'ஒருவேளை சரியா சொல்லலையோ'ன்னு திரும்பச் சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் அவர், "தம்பி, கடவுள் மன்னிச்சு முடிச்சதை நீ ஏன் திரும்பத் திரும்பத் தோண்டி எடுக்கிற? இது பாவம் இல்லப்பா, நோய். ஒரு நல்ல டாக்டரைப் பாரு. அப்படியே இஞ்ஞாசியார் வாழ்க்கையையும் படி"ன்னார்.

படிச்சேன். புனித இஞ்ஞாசியார், வீரமாமுனிவர் இருந்த இயேசு சபையைத் தொடங்கினவர். 1522-ல் ஸ்பெயினில் மன்ரேசாங்கிற ஊரில் இருந்தப்ப, அவருக்கும் இதே தொல்லை. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கை பண்ணினார். நிம்மதி கிடைக்கலை. உயிரோட இருக்கணுமாங்கிற அளவுக்குப் போனார். கடவுள் விடுதலை தர்ற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு ஒரு வாரம் பட்டினி கிடந்தார். அவரோட ஆன்ம குரு என்ன சொன்னார் தெரியுமா? 'இன்னும் அதிகமா நோன்பு இரு'ன்னு சொல்லலை. 'முதல்ல சாப்பிடு'ன்னு கட்டளை போட்டார்.

இந்தத் தொல்லைக்கு ஸ்க்ருபுலாசிட்டின்னு பேர். லத்தீன்ல அதோட வேர்ச்சொல்லுக்குக் கூரான சின்னக் கல்லுன்னு அர்த்தம். செருப்புக்குள்ள மாட்டின கல்லு மாதிரி, ஒவ்வொரு அடியிலும் குத்தும். இன்னைக்கு மருத்துவர்கள் இதை ஓசிடியோட, அதாவது எண்ணச் சுழற்சி நோயோட ஒரு வடிவமா பார்க்கிறாங்க.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல ஓபி சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு மாஸ்க் போட்டுக்கிட்டேன். டாக்டர் மேடம் கேட்டுட்டு, ஒரு பேப்பர்ல வட்டம் வரைஞ்சாங்க. ஒரு எண்ணம் வருது, பயம் வருது. பயம் போக ஒரு சடங்கு பண்றோம், கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதியாலயே மூளை, 'ஓ, இந்தச் சடங்குதான் காப்பாத்துச்சு'ன்னு கத்துக்குது. அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வரும்.

நான் இஇஇ பையன். "மேடம், இது பாசிட்டிவ் ஃபீட்பேக்!"னேன். திருவிழாவுல மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனா 'கீ'ன்னு கத்துமே, அதேதான். மைக்கும் நல்ல மைக்தான், ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர்தான். லூப்பை எங்கயாவது உடைக்கணும், அவ்வளவுதான்.

சிகிச்சை ரெண்டு வகை. ஒண்ணு மாத்திரை. ஒரு நாள்ல வேலை செய்யாது, பல வாரம் ஆகும். நாமளா திடீர்னு நிறுத்தவும் கூடாது. இன்னொண்ணு பயிற்சி. எனக்குத் தந்த வீட்டுப்பாடம் இது: ஜெபமாலை ஒரு தடவைதான் சொல்லணும். மனசு ஓடினாலும் திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. பயம் வரட்டும், அது தானா இறங்குற வரைக்கும் உட்கார்ந்திரு. முதல் வாரம் கையெல்லாம் வேர்த்துச்சு. மூணாவது வாரம் பயம் வந்தது, ஆனா அரை மணி நேரத்துல இறங்கிடுச்சு. இன்னும் முழுசா போகலை. போன மாசம் பிளேஸ்மென்ட் சமயத்துல திரும்பத் தலை காட்டுச்சு. ஆனா இப்ப அது என்னன்னு எனக்குத் தெரியும்.

இந்தக் கதையைச் சொன்னா ரெண்டு பக்கமும் அடி விழுது.

முதல் கூட்டம், 'மனநல டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைவு'ன்னு சொல்றவங்க. அவங்களுக்கு நம்ம பைபிளையே காட்டுறேன். கத்தோலிக்க விவிலியத்துல சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. நோய் வந்தா ஜெபமும் பண்ணு, மருத்துவருக்கும் இடம் கொடுங்கிறதுதான் அங்க இருக்கிற கருத்து. மருந்தே கடவுள் மண்ணுல இருந்து தந்ததுதான்னும் வருது. அதுவும் போதலைன்னா, போப் பிரான்சிஸைப் பாருங்க. தனக்கு 42 வயசு இருந்தப்ப ஆறு மாசம், வாரம் ஒரு தடவை, ஒரு யூத உளப்பகுப்பாய்வாளர்கிட்ட போனதை 2017-ல் வெளிவந்த நேர்காணல் புத்தகத்துல அவரே வெளிப்படையா சொன்னார். அவரும் இயேசு சபைக்காரர்தான். உலகத் திருச்சபைக்கே தலைவரா இருந்தவருக்கு வராத வெட்கம் நமக்கு எதுக்கு?

ரெண்டாவது கூட்டம் நம்ம காலேஜ் பசங்க. 'மதம்தான்டா இந்த நோயைக் கொடுத்துச்சு, சாமியை விட்டா சரியாயிடும்'ன்னு சொல்றாங்க. அவங்க சொல்றதுல ஒரு பங்கு உண்மை இருக்கு. மறைக்கல்வி வகுப்புல 'இதைச் செஞ்சா நரகம்'னு பயமுறுத்திப் பேசினது என் பயத்துக்குத் தீனி போட்டுச்சு, மறுக்கலை. ஆனா ஓசிடி யாரையும் விடுறதில்லை. சாமியே கும்பிடாதவங்களுக்கும் வரும். கேஸை மூடினோமான்னு பத்து தடவை பார்ப்பாங்க, கையைக் கழுவிக்கிட்டே இருப்பாங்க. பெரும்பாலும் நாம எதை ரொம்ப முக்கியமா நினைக்கிறோமோ அதைத்தான் அது பிடிச்சுக்கும். எனக்கு முக்கியம் ஜெபமும் அம்மாவும். நான் விட வேண்டியது லூப்பை. ஜெபத்தை இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிடுறேன். பாவசங்கீர்த்தனமும் கவுன்சிலிங்கும் ஒண்ணு இல்லை. ஒண்ணு மன்னிப்புக்கு, இன்னொண்ணு சிகிச்சைக்கு. ஃபாதர் மாத்திரை எழுத முடியாது, டாக்டர் பாவமன்னிப்பு தர முடியாது. எனக்கு ரெண்டு பேரும் தேவைப்பட்டாங்க. தன் எல்லை எதுன்னு தெரிஞ்சு என்னை அடுத்தவர்கிட்ட அனுப்பின அந்த ஃபாதருக்குத்தான் நான் முதல்ல நன்றி சொல்லணும்.

உடம்பையும் மறந்துடாதீங்க. நாலு மணி நேரத் தூக்கம், காலை டிபன் கட், ராத்திரி மூணு டீ. இந்த வாழ்க்கைக்கு எந்த மனசும் ஆடத்தான் செய்யும். தவக்காலத்துல மாத்திரை போடுற யாராவது பட்டினி கிடந்தா, தயவுசெய்து டாக்டர்கிட்டயும் பங்குச் சாமிகிட்டயும் கேளுங்க. நோயாளிகளுக்கு நோன்புல இருந்து விலக்கு உண்டு. இஞ்ஞாசியாரையே சாப்பிடச் சொன்னாங்கன்னு ஞாபகம் வச்சுக்கங்க.

நான் ஒருத்தன் மட்டும் இல்லை. 2015–16-ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்கள்ல நடத்தின தேசிய மனநல ஆய்வுப்படி, நம்ம நாட்டுல மனநலப் பிரச்சினை இருக்கிறவங்கள்ல, நோயைப் பொறுத்து 70-ல இருந்து 92 சதவீதம் பேர் வரைக்கும் சிகிச்சை கிடைக்காம இருக்காங்க. அதுல நம்ம கிளாஸ்மேட்டும் இருக்கலாம். நீங்களாவும் இருக்கலாம்.

அதனால ரெண்டே வேண்டுகோள். ரூம்மேட் ஏதாவது ஒண்ணைத் திரும்பத் திரும்பச் செஞ்சா, தூங்காம இருந்தா, கலாய்க்கிறதுக்கு முன்னாடி "என்னடா ஆச்சு?"ன்னு ஒரு தடவை கேளுங்க. உங்களுக்கே அப்படி இருந்தா 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

அம்மாவுக்கு முதல்ல இதெல்லாம் பிடிக்கலை. "ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத"ன்னாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா ரெண்டு கேள்வி கேக்குறாங்க. "பூசைக்குப் போனியா?" "மாத்திரை போட்டியா?" ரெண்டாவதுக்கு ஆமான்னு சொன்னப்புறம்தான் போனை வைக்கிறாங்க.