அது புகையிலையே இல்லை பாஸ்!

‘டொபாக்கோ லீஃப்’ பீங்கான் தட்டு பார்த்திருக்கீங்களா? 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்கத்திய சந்தைக்காகச் சீனாவில் செய்தது. தட்டு முழுக்க நீலம், பச்சை, இளஞ்சிவப்பில் பெரிய பெரிய இலைகள், நடுவே பூக்கள். ஏலத்தில் இன்னிக்கும் செம மவுசு. ஆனா, அது புகையிலை இல்லை. எந்தச் செடின்னு அடித்துச் சொல்லவும் முடியாது. பெயர், பின்னாளில் ஒட்டியது.

அந்தக் காலத்து ஏற்றுமதிப் பீங்கான்கள் பல, ஜிங்தேஜென் சூளைகளில் வெள்ளையாகச் சுடப்பட்டு குவாங்சோவுக்கு வரும். அங்குள்ள பட்டறைகளில் ஆர்டருக்கு ஏற்ப எனாமல் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். பல கைகள் மாறும் வேலை. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் கிடையாது.

பெயர் தெரியாதது யார் தப்பும் இல்லை. ஆனா, இல்லாத புகையிலைக்கு லேபிளில் இடமிருக்கும்போது, ‘குவாங்சோ ஓவியர்கள்’ன்னு ரெண்டு வார்த்தைக்கு இடமில்லையா?