வீட்டுக் கைப்பேசி பள்ளியின் கரும்பலகை ஆகலாமா?

லம்பா லைனில் எங்கள் எதிர்வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய தந்தை விமான நிலையத்தை நம்பி ஆட்டோ ஓட்டுபவர். கிழக்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் இத்தீவுகளில் குளிர்காலத்து மாலை ஐந்தரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். ஆறு மணிக்குள் அவள் கைகால் கழுவி, நோட்டுப் புத்தகத்துடன் விளக்கடியில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் எழுதத் தொடங்க மாட்டாள். அன்றைய வீட்டுப்பாடம் என்னவென்பது அவளுக்குத் தெரியாது. அது தந்தையின் கைப்பேசியில், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. தந்தையோ சவாரியில் இருக்கிறார். அவர் வீடு திரும்ப எட்டரை ஆகலாம், ஒன்பதும் ஆகலாம். அதுவரை பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருப்பதைத் தவிர அவளுக்கு வேலையில்லை.

கைப்பேசி கல்விக்கு நல்லதா, கெட்டதா என்னும் பட்டிமன்றத்தை நாம் பல ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கிறோம். எதிர்வீட்டுச் சிறுமியைப் பார்க்கும்போது அக்கேள்வியே இடம் மாறிவிட்டது என்று தோன்றுகிறது. நாம் கேட்க வேண்டியது, எவருடைய கைப்பேசி, எந்த இடத்தில், எவருடைய மேற்பார்வையில் என்பதே. வகுப்பறைக்குள் ஆசிரியர் கையில் கைப்பேசி இருக்கட்டும். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பள்ளி செய்து முடிக்க வேண்டிய வேலையைக் குடும்பத்தின் ஒரே கைப்பேசியின் மேல் ஏற்றிவைப்பது முறையன்று.

இப்பழக்கம் எப்போது வந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது இத்தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. நாட்டின் பெருநகரங்களில் ஆசிரியர்கள் நேரலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேளையில், இங்கே ஒரு படம் திறப்பதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடலாம். அந்நிலையில், வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, படமெடுத்து அனுப்பிய ஆசிரியர்களைக் குறை சொல்வோர் நன்றி மறந்தவர்களாவர். அன்று அதற்கு மேல் செய்ய எவராலும் இயலாது.

பள்ளிகள் மூடியிருந்த அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம்; ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவு. சென்னையிலிருந்து வந்த வடம் போர்ட் பிளேரோடு நிற்கவில்லை. ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய ஏழு இடங்களுக்கும் சென்றது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. லம்பா லைன் லம்பா லைனாகவே இருக்கிறது, ஆனால் இன்று இங்கே படம் தங்குதடையின்றி ஓடுகிறது. மக்கள் வாழும் முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் கம்பிவடம் நேரே கரையேறாதவையே மிகுதி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கம்பிவடம் வந்தது, பள்ளிகளும் திறந்தன. ஆனால் இணைப்பு இல்லாத காலத்தில் அவசரத்திற்குச் செய்த ஏற்பாடு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வகுப்பில் முப்பது மாணவர்களும் கண்ணெதிரே அமர்ந்திருக்கையில் சொல்லாத வீட்டுப்பாடத்தை, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு கைப்பேசிக்கு அனுப்புவது எதற்காக? பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக என்றார் நான் கேட்ட ஆசிரியர் ஒருவர். பெற்றோருக்குத் தெரிவிப்பது நல்லதுதான். ஆனால் மாணவருக்கு முதலில் சொல்லிவிட்டல்லவா பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்?

வீட்டில் கைப்பேசி இருப்பதும் பிள்ளைக்குக் கைப்பேசி கிடைப்பதும் ஒன்றல்ல. நாட்டின் ஊரகப் பகுதிகளில் கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ ஆய்வு 2021ஆம் ஆண்டில் இதைத் துல்லியமாகக் காட்டியது. பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் 67.6 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அவ்வீடுகளில் எப்போது வேண்டுமானாலும் படிப்புக்குக் கைப்பேசி கிடைத்த பிள்ளைகள் 27 விழுக்காட்டினர் மட்டுமே. 47 விழுக்காட்டினருக்கு அவ்வப்போது கிடைத்தது. ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்கு அறவே கிடைக்கவில்லை. என் எதிர்வீட்டுச் சிறுமி அந்த 47இல் ஒருத்தி. எத்தனை வீடுகளில் கைப்பேசி உள்ளது என்று எண்ணிப் பார்த்து மகிழும் அறிக்கைகள், அது மாலை ஆறு மணிக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை.

இவ்விதழின் வாசகர்களுக்கு நான் குறிப்பாகச் சொல்ல விழைவது ஒன்றுண்டு. அந்த ஆட்டோ ஓட்டுநரின் கைப்பேசி அவருடைய பணப்பையும் ஆகும். சவாரிக் கட்டணம் யுபிஐ வழியே அதில்தான் வந்து சேர்கிறது. வங்கிக் கணக்கின் செயலி அதில் உள்ளது. ஒருமுறைக் கடவுச்சொல் வருவதும் அதே எண்ணுக்குத்தான். பூட்டுத் திறந்த நிலையில் அதைப் பிள்ளையிடம் கொடுத்து, “பாடம் பார்த்துவிட்டு வை” என்று சொல்லும்போது, நாம் பீரோச் சாவியையும் சேர்த்தே கொடுக்கிறோம். பத்து வயது நிரம்பிய சிறார் தாமே சேமிப்புக் கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்குத் தெரிவித்தபோதும், அவரவர் வகுக்கும் தொகை வரம்புக்கு உட்பட்டே என்று சேர்த்துச் சொன்னது. வீட்டில் நாம் அந்த வரம்பைக்கூட வைப்பதில்லை.

எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவனின் வகுப்புக் குழுவில், எவரோ எங்கிருந்தோ வந்ததை அப்படியே முன்னனுப்பிய செய்தி ஒன்று வந்தது. மாணவர்களுக்கு உதவித்தொகை, இணைக்கப்பட்ட கோப்பை நிறுவி விவரங்களை நிரப்புக என்றிருந்தது. பள்ளிக் குழுவில் வந்ததாகையால் பள்ளி சொல்வதாகவே அவன் எண்ணிவிட்டான். கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது அவன் தாய் தற்செயலாக எட்டிப் பார்த்ததால் ஒன்றும் ஆகவில்லை. இத்தகைய ஏபிகே கோப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தால் குறுஞ்செய்திகளைப் படித்துக் கடவுச்சொல்லைத் திருடக்கூடியவை. பெரியவர்களே ஏமாறும் இடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் காவலுக்கு வைப்பது என்ன நியாயம்? பணம் பறிபோய்விட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. திட்டுக்கு அஞ்சிப் பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே ஆதாயம்.

இவ்வளவு சொன்ன பிறகு, கைப்பேசியே வேண்டாம் என்கிறேனோ என்று வாசகர் எண்ணக்கூடும். இல்லை. நல்ல ஆசிரியர் கையில் அது என்ன செய்யும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

லம்பா லைனிலிருந்து சற்றுத் தொலைவில் சிப்பிகாட் இருக்கிறது. சாலையின் இருபுறமும் நீர் பரந்து கிடக்கும். கொக்கும் நாரையும் நிற்கும். பட்டுப்போன மரங்கள் நீருக்குள் நிற்கும். பேருந்தில் அவ்வழியே போகும் பிள்ளைகள் அது என்றும் அப்படியே இருந்ததாக நினைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26க்கு முன் அது விளைநிலம். அன்றைய நிலநடுக்கத்தில் இப்பகுதியின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல்நீர் உள்ளே வந்து, திரும்பிப் போகவேயில்லை. நானறிந்த ஆசிரியர் ஒருவர், நிலநடுக்கப் பாடத்தை நடத்தும்போது, அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் புதிய படத்தையும் தம் கைப்பேசியிலிருந்து வகுப்பறைத் திரையில் அடுத்தடுத்துக் காட்டினார். முதற்படத்தில் வயல், இரண்டாம் படத்தில் நீர். வகுப்பில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு மாணவன், “சார், எங்கள் தாத்தா நிலம் அங்கேதான் இருந்ததென்று சொல்வார்கள்” என்றான். அதன் பிறகு பாடநூலைத் திறக்க அரைமணி நேரம் ஆயிற்று என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் பிள்ளைகள் தத்தம் வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதிவந்தார்கள். கிரேட் நிகோபாரின் இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி கடலில் நின்ற செய்தியை அவர்களே தேடிக் கொண்டுவந்தார்கள்.

அந்த வகுப்பில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அது இரண்டு படங்களைக் காட்டியதோடு சரி. அதன்பின் பேசியவர்கள் மனிதர்கள். எந்தப் படத்தை, எந்த நேரத்தில் காட்டுவது, காட்டிய பின் எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதெல்லாம் ஆசிரியருக்கே கைவந்த கலை. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகக் கூடாது என்றே வலியுறுத்தியது. பாரிசிலிருந்து வந்து இதைச் சொல்ல வேண்டியதில்லை, சிப்பிகாட்டே போதும்.

தமிழ்நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. 2018 முதல் அங்கே பாடநூல்களில் விரைவுக் குறியீடு அச்சிடப்பட்டு வருகிறது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே, பெருந்தொற்றுக்கு முன்பே, தொடங்கப்பட்டுவிட்டது. திரைவழிக் கல்விக்கு இத்தனை ஆயத்தமாக இருந்த அரசு, 2021 அக்டோபரில் என்ன செய்தது? ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பி, மாலை வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லச் செய்தது. திரையால் ஆகாதது எது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக நான் அதைக் கருதுகிறேன்.

நம் தீவுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர். இணையத்தில் தமிழ்ப் பாடக் காணொலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் மிகுதியானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற்கு உரியவை. இங்குள்ள அரசுப் பள்ளிகளோ மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழி நடப்பவை. தமிழில் தேடும் பிள்ளைக்குப் பாடம் கிடைக்கிறது, ஆனால் அவளுடைய புத்தகத்தின் பாடம் கிடைப்பதில்லை. அவளுடைய பாடத்திற்குரிய காணொலியோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. இதை இணைத்துத் தருவது பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் ஆகக்கூடியதா? இதுவும் ஆசிரியர் வேலைதான். எந்தக் காணொலியின் எந்தப் பகுதி எந்தப் பாடத்திற்குப் பொருந்தும் என்று ஒருமுறை பார்த்துக் குறித்து, திக்‌ஷா போன்ற செயலிகளில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், கம்பிவடம் எட்டாத தீவுப் பள்ளியிலும் அதே பாடத்தை இணையமின்றிக் காட்டலாம்.

கைப்பேசியை வீட்டில் பிள்ளையிடம் கொடுக்காவிட்டால் அவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. 2024ஆம் ஆண்டு அசர் அறிக்கையைப் பார்த்தால் அந்த அச்சம் விலகும். 14 முதல் 16 வயதுக்குட்பட்ட ஊரகப் பிள்ளைகளில் 82.2 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். அவர்களுள் முந்தைய வாரத்தில் அதைப் படிப்பிற்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காட்டினர். கருவியைக் கையாள அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியது ஏதுமில்லை. நம்மில் பலர் அவர்களிடமே கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே பள்ளிகளிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. கடைசி மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள், பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். பெற்றோருக்கும் அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள். வகுப்பில் காட்டும் கைப்பேசியும் ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியாக இருக்கத் தேவையில்லை. அதிலும் அவருடைய வங்கிக் கணக்குதானே இருக்கிறது! வசதியுள்ள வாடிக்கையாளர்கள், புதியது வாங்கியபின் மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய கைப்பேசியைப் பள்ளிக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் சிம்மையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, கைப்பேசியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்துக் கொடுங்கள். அவசரத்தில் இதை மறந்து, பிறகு ஓடிப்போய்க் கேட்டு வாங்கியவனாக இதைச் சொல்கிறேன்.

எதிர்வீட்டுச் சிறுமி சென்ற மாதம் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். தாயிடம் பொத்தான் வைத்த பழைய கைப்பேசி ஒன்றுண்டு. ஆறு மணிக்கு அதிலிருந்து தந்தையை அழைக்கிறாள். அவர் சவாரி இல்லாத நேரமானால் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, குழுவில் வந்திருக்கும் கணக்குகளை அழைப்பிலேயே ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறார். பின்னங்கள் வரும்போது சற்றுத் தடுமாறுகிறார். “மேல மூணு, கீழ ஏழும்மா” என்கிறார். “சரிப்பா, அடுத்தது” என்று சொல்லிக்கொண்டே அவள் எழுதுகிறாள்.