கோலாலம்பூரில் எங்கே தங்குவது?



ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்வதென்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முடிவானதும் அடுத்த வினா எழும்: எங்கே தங்குவது? பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். "எது மலிவோ, அங்கே." இவ்விடையை நான் ஏற்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்களும் அப்படித்தான் செய்தோம். நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் ஒரு விடுதி. அறைக்கு இருபது வெள்ளி மிச்சம் என்று மகிழ்ந்தோம். நகருக்குள் நுழைவதற்கே சாலை நெரிசலில் காலைப் பொழுது கரைந்தது. பேருந்தைக் கூடுதல் நேரம் நிறுத்தி வைத்ததற்குத் தனிக் கட்டணம். மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போயிற்று. தேசிய அரும்பொருளகத்தை அடைந்தபோது கதவடைத்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் தோட்டப்புறத்தவர்கள். பலருக்குத் தலைநகரைக் காண்பது அதுவே முதல் முறை. அவர்கள் பார்த்ததெல்லாம் பேருந்துச் சன்னல் வழியாகத்தான். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. அந்தத் தவறு எங்களுடையது. வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே, அறையின் வாடகையைப் பார்க்கும் முன்பு, அறைக்கும் இரயில் நிலையத்துக்கும் இடையே நடக்கவேண்டிய தொலைவைப் பாருங்கள் என்கிறேன். அப்படிப் பார்த்தால் பிரிக்பீல்ட்ஸ்தான் முதலில் வரும். 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையம் அங்கேதான் உள்ளது. ஈப்போ, பட்டர்வொர்த் பக்கமிருந்து வரும் இ.டி.எஸ். இரயில் அங்கே நிற்கும். எல்.ஆர்.டி. ஏறினால் இரட்டைக் கோபுரத்துக்கு அருகிலேயே இறங்கலாம். வழியில் பசார் செனியில் இறங்கினால் 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் ஆலயம் நடைதூரம். பத்துமலைக்கு 2010 முதல் கொமுட்டர் ஓடுகிறது. அரும்பொருளகத்துக்கோ, 2017இல் எம்.ஆர்.டி. நிலையம் திறந்த பிறகு, சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம்.

பணம் ஒரு தடையாகவும் இராது. சென்ட்ரலை ஒட்டி ஐந்து நட்சத்திர விடுதிகள். சாலையைக் கடந்தால் நடுத்தர விடுதிகள். கடைவீட்டு மாடிகளில் எளிய அறைகள். மலிவான அறைகளுள் சில சன்னலே இல்லாதவை. படத்தை நம்பாமல் ஓர் ஆசிரியர் முன்கூட்டியே நேரில் சென்று அறையையும் அவசர வழியையும் பார்த்து வருவது நல்லது. இன்னொன்று: அறைக்கு விதிக்கப்படும் சுற்றுலா வரி மலேசியக் குடிமக்களுக்கு இல்லை. கட்டணச் சீட்டில் அது சேர்ந்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

"கோலாலம்பூர் வரை போய் மறுபடியும் தோசைக் கடைப் பக்கத்திலா தங்குவது? புக்கிட் பிந்தாங்கைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விதான். புக்கிட் பிந்தாங்கை மோனோரயிலில் சென்று மாலையில் பார்த்துத் திரும்பலாம். ஆனால் காலையில் கண்விழித்து நடக்கும் தெருவும் பாடம்தானே? 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அச்செங்கல் சுட்ட இடம் என்பதால்தான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர். பின்னர் இரயில்வேயில் உழைத்த தமிழரும் இலங்கைத் தமிழரும் அங்கே குடியிருந்தார்கள். அதன் முதன்மைச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல், அவர்களுடைய சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர். பால்மரக் காட்டிலிருந்து வந்த பிள்ளை அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்று "யார் சார் இவர்?" என்று கேட்டால், சொல்ல நமக்கு எவ்வளவோ இருக்கிறது. (நமக்கே தெரியாவிட்டால், போகுமுன் படித்துக்கொள்ளலாம்.)

கிள்ளானில் தங்கலாமா என்றும் கேட்கிறார்கள். உறவினர் திருமணம், தீபாவளிக்குத் தெங்கு கிளானா சாலையில் துணியெடுப்பது, சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியைப் பார்ப்பது என்றால் தாராளமாகத் தங்கலாம். கிள்ளான் இரயில் நிலையமும் அச்சாலைக்கு அருகில்தான். கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க மட்டும் அங்கே தங்காதீர்கள். கொமுட்டரில் போக ஒரு மணி, வர ஒரு மணி. ஒரு வண்டியைத் தவறவிட்டால், நாற்பது பிள்ளைகளோடு மேடையில் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் ஆசிரியர் நீங்கள்தான்.